கிட்டக்கா பார்த்த கால்விரல்கள்

ஜோடிகளை வெளியிடங்களில் நிற்கவைத்துப் படம் பிடிக்கும் தொழிலில், படம் பிடித்தவர் பெயர் படத்தின் மூலையில் வரும். நிற்கவைத்தவர் பெயர் எங்கும் வராது. இந்த அம்மாள் விஷயத்தில் வந்தாலும் பயனில்லை. அவருடைய சொந்தப் பெயர் கூட வேலை செய்கிறவர்களுக்கே மறந்துவிட்டது. "கொஞ்சம் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று காலையிலிருந்து வெளிச்சம் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்ததால் கிட்டக்கா ஆனார். வயதில் மூத்த கேமராக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேரைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிற்கவைத்தவருக்கு, யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன?

படம் பிடிக்கும் நாளில் நடப்பது படப்பிடிப்பே அல்ல என்பது அவர் கட்சி. ஒரு வாரம் முன்பே, அதே நேரத்துக்கு, அந்த இடத்துக்குத் தனியாகப் போவார். மர நிழல் எந்தப் பக்கம் நீள்கிறது, எறும்புப் புற்று எங்கே, உயரமான செருப்புப் போட்ட பெண் எவ்வளவு தூரம் விழாமல் நடக்கலாம், மாடு மேய்ப்பவர்களும் வேலையற்றவர்களும் எந்த வழியாக வருவார்கள் என்றெல்லாம் பார்த்துவைப்பார். "அழகான இடம் யாருக்கு வேணும்? பொண்ணு துணி மாத்த ஒரு மறைவு இருக்கா, அதைச் சொல்லு" என்பார். மறைவு இல்லாத இடங்களுக்காக மடக்கித் தூக்கிச் செல்லக்கூடிய கறுப்புத் திரை ஒன்றைத் தைத்து வைத்திருந்தார். ஊசி, நூல், பவுடர், ஈரத்துணி, மாற்றுச் செருப்பு, சீப்பு, குடை எல்லாம் ஒரு பெரிய துணிப்பைக்குள். அந்தப் பை இல்லாமல் கிட்டக்காவைப் பார்த்தவர்கள் குறைவு.

துணி விஷயத்தில் கண்டிப்பு. இருவரும் ஒரே நிறத்தில் வரக்கூடாது. வந்தால் ஒரே துணிக்கடையில் வேலை செய்கிறவர்கள்போல இருப்பார்களாம். பொடிக்கட்டம் போட்ட சட்டை கூடவே கூடாது. படத்தில் அது ஊர்வதுபோலத் தெரியும்.

நிற்கவைப்பதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நேருக்கு நேராக நிற்கவைக்கமாட்டார். எடையைப் பின்காலில் போடச் சொல்வார். மூச்சை வெளியே விட்டபிறகுதான் படம். கைகளுக்கு ஏதாவது வேலை கொடுப்பார். வேலையில்லாத கை மனிதனைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினார். நிற்க வெட்கப்படுகிறவர்களை நடக்கவிட்டு, நடக்கும்போது மாப்பிள்ளையைப் பெண்ணின் காதில் அன்று காலை என்ன சாப்பிட்டான் என்று மட்டும் சொல்லச் சொல்வார். அவ்வளவு அற்பமான ரகசியத்துக்குச் சிரிக்காத பெண்ணை அவர் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து கேமராக்காரர் திருப்தியடைந்தபிறகும் கிட்டக்கா ஒரு கணம் குனிந்து ஜோடியின் கால்களைப் பார்ப்பார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. முகம் பொய் சொல்லும். பழகினால் கையும் சொல்லும். கால்விரல் மட்டும் போக நினைக்கும் பக்கம் பார்க்கும் என்பார். ஒருமுறை ஒரு பெண்ணின் விரல்கள் மாப்பிள்ளையை விட்டு முழுக்கத் திரும்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். படம் நன்றாக வந்தது. கல்யாணமும் நடந்தது. அடுத்த வருஷம் அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்து, அதே படத்தில் தன்னை மட்டும் வெட்டித் தரமுடியுமா என்று கேட்டாள். தோளில் கிடந்த அவன் கையை எடுக்க முடியவில்லை. அதற்குப்பிறகு கிட்டக்கா கால்விரல்களை இன்னும் நம்பினார். வாயை மூடிக்கொள்வதை நம்புவதை விட்டார்.

இப்படி ஊரார் ஜோடிகளை நெருக்கிவைத்தவரின் வீட்டு நிலவரம் வேறு. கணவர் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவர். அவர் வீடு திரும்பும் நேரத்தில் கிட்டக்கா காலை வெளிச்சத்தைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார். ஒரே கட்டிலில் முறைவைத்துத் தூங்கினார்கள். சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. சண்டைக்கு இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கவேண்டும். பிறகு கிடங்கை மூடினார்கள். கணவர் கிட்டக்காவின் பழைய வேனை ஓட்ட வந்தார். நேரமில்லாமல் பேசாதிருந்தவர்கள், நேரம் கிடைத்தபிறகு பழக்கமில்லாமல் பேசவில்லை. வேனின் முன்சீட்டில் இருவருக்கும் நடுவே அந்தத் துணிப்பை உட்கார்ந்து வரும். "கிளம்பலாம்" என்று கிட்டக்கா முன்கண்ணாடியிடம் சொல்வார். வண்டி கிளம்பும்.

கண்ணாடியிடம் சொல்ல முடியாததை மகளிடம் சொல்வார்கள். ஒரே மகள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள், வேலைக்குப் போய் வருஷங்கள் ஆகியும் வீட்டில் பாப்பாதான். ஒரே மேஜையில் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

"பாப்பா, அப்பாவுக்கு டீ வேணுமான்னு கேளு."

"வேணும்னு சொல்லு."

"வேணுமாம்."

"சர்க்கரை?"

"அரை ஸ்பூன்னு சொல்லு."

"அரை ஸ்பூனாம்மா. உனக்கே கேட்டிருக்குமே."

சிறுவயதில் ஒருநாள் தோழி வீட்டுக்குப் போய்விட்டு வந்த பாப்பா, அவர்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்கள் என்று கவலையோடு சொன்னாள். என்ன சண்டை என்று விசாரித்ததில், அவர்கள் நேருக்கு நேராகப் பேசிக்கொண்டார்கள் என்பதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அன்று இருவரும் சிரித்தார்கள். தனித்தனியாக.

பாப்பாவுக்கு மாப்பிள்ளை பார்த்தது கணவர். பழைய கிடங்கில் லிஃப்ட் பழுது பார்க்க வந்து பழக்கமான பையன். உயரமான, அதிர்ந்து பேசாத மெக்கானிக். கல்யாணம் முடிந்ததும் வேறு ஊர்க் கிளைக்குப் போகவேண்டியவன். பாப்பா சரி என்றாள். சட்டென்று சொன்னாள். அதுதான் கிட்டக்காவை உறுத்தியது. அப்பா மனசு கோணாமல் இருக்கச் சொன்ன சரியா, நிஜமான சரியா? கேட்டால் "சரின்னா சரிதான்மா" என்றாள். நிச்சயம் முடிந்து நாள் குறித்தபிறகு அவள் சாப்பாடு குறைந்தது. டீவியை வெறித்துப் பார்த்தாள். நடந்த கல்யாணத்திலிருந்து ஒருவரை வெட்டியெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கிட்டக்காவுக்குத் தெரியும். நடக்காத கல்யாணத்தை நிறுத்துவது அதைவிடச் சுலபம். ஆனால் முதலில் நிச்சயமாகத் தெரியவேண்டும். போட்டோ ஷூட் அன்று தெரிந்துவிடும் என்று காத்திருந்தார். சொந்த மகளின் மனதை அறிய ஒரு தாய் கேமராவை ஏற்பாடு செய்தது அதிகம்தான். ஆளுக்கு ஒரு கருவி. டாக்டர் நாடியைப் பிடிக்கிறார்.

இடம், ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பழைய கல்குவாரி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரப் புல் வளர்ந்த சரிவு. கேமராக்காரருக்கு மேகம் என்று பட்டப்பெயர். எல்லோரும் வெயிலுக்குக் காத்திருக்க, அவர் மட்டும் சூரியனை மேகம் மறைக்கும் நிமிஷத்துக்குக் காத்திருப்பார். மூக்குக்கும் கண்ணுக்கும் கீழே நிழல் விழாத வெளிச்சம் அப்போதுதான் கிடைக்கும். எப்போதும் அண்ணாந்தே நடப்பதால் இரண்டுமுறை பள்ளத்தில் விழுந்தவர்.

முதலில் பாறையருகே, வெட்டவெளியில்.

"மாப்பிள்ளை, தோளை இறக்குங்க. லிஃப்டைத் தூக்குற மாதிரியே நிக்கிறீங்க."

"நாங்க தூக்குறதில்ல அத்தை. அதுவே தூக்கிக்கும்."

"அப்ப தோளும் அதுவே இறங்கட்டும். பாப்பா, மோவாயைக் கொஞ்சம் முன்னாடி. அவர் சட்டைப் பட்டன்மேல கையை வை. ஊசி குத்தப்போற மாதிரி இல்லம்மா, சும்மா வை."

"எனக்கு இப்படித்தான் வைக்கத் தெரியும்" என்றாள் பாப்பா. மாப்பிள்ளை சிரித்தான். அவள் சிரித்தது உதட்டோடு நின்றது.

கிட்டக்கா குனிந்து பார்த்தார். மகளின் கால்விரல்கள் மாப்பிள்ளையை விட்டு, கிட்டத்தட்டப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன.

மாற்றி நிறுத்தினார். மரத்தடியில் உட்காரவைத்தார். காதில் ரகசியம் சொல்ல வைத்தார். இட்ட வேலையை ஒழுங்காகச் செய்த மாப்பிள்ளை, ரொட்டியும் வாழைப்பழமும் என்று சொல்லியிருக்கவேண்டும். இவள் சிரிக்கவும் செய்தாள். ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த விரல்கள் மெல்ல, தண்ணீரில் மிதக்கும் குச்சி மாதிரி, அவனை விட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தன.

"அக்கா, சரிவுல எடுத்தா நல்லா இருக்கும், ஆனா வண்டி மூலையில வருது" என்றார் மேகம். மண்பாதையின் முடிவில் வேன் நின்றது. கணவர் உள்ளே உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அப்பாகிட்ட வண்டியைப் பின்னாடி எடுக்கச் சொல்லு" என்றார் கிட்டக்கா, யோசிக்காமல்.

பாப்பா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தயாரானாள்.

"ஐயையோ, பொண்ணை ஓடவிட்டா வேர்த்துடும்க்கா! அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல துணி மாத்திட்டு வரட்டும்."

கறுப்புத் திரையை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். அதற்குள், மகளின் முதுகுக் கொக்கிகளைப் போட்டபடி கிட்டக்கா கேட்டார்.

"பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு. அப்பாவை நான் பாத்துக்கிறேன்."

"யாரைப் பிடிக்கலை?"

"அவரைத்தான். மாப்பிள்ளையை."

பாப்பா திரும்பினாள். "அவரை எதுக்கும்மா எனக்குப் பிடிக்காம போகணும்? நல்ல மனுஷன். காலையிலேர்ந்து நீ அந்தத் தோளை எத்தனை தடவை திட்டினே? ஒரு வார்த்தை பேசினாரா?"

"உன் வாய் சொல்றதை விடு. காலைப் பார்த்தேன். அவரை விட்டுத் திரும்பி நிக்குது. இந்த வேலையில எனக்குத் தெரியாதது எதுவும் இல்ல."

"திரும்பித்தான் நிக்குது. எங்க பாக்குதுன்னு பாத்தியா?"

மகள் திரையின் ஓரத்தை விலக்கிக் காட்டினாள். பாறை, மரத்தடி என்று காலையிலிருந்து நின்ற எல்லா இடத்திலிருந்தும் அவள் கால்கள் பார்த்த பக்கத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரோடு, ஒரு பழைய வேன்.

எத்தனையோ ஜோடிகளில் கிட்டக்கா பார்த்ததெல்லாம், விரல் ஆளைப் பார்க்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். இல்லையென்றால் வேறு எதைப் பார்க்கிறது என்று ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு அப்பாகிட்ட தினமும் மத்தியானம் நான் கேப்பேன்" என்றாள் பாப்பா. "இன்னைக்குக் கேக்க மறந்துட்டேன். நான் ஊரைவிட்டுப் போனப்புறம் யார் கேப்பா?"

"நான் கேக்கமாட்டேனா?"

"எப்படிக் கேப்பே? கண்ணாடியைப் பார்த்தா?" குரல் உடைந்தது. "நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா பேசிக்குவீங்க? உனக்கு ராத்திரி நெஞ்சு வலிச்சா யார்கிட்ட சொல்லுவே? பக்கத்துல படுத்திருக்கிறவர்கிட்ட சொல்ல, எனக்குப் போன் பண்ணுவியா? கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடலாமான்னு அவர்கிட்ட கேக்கணும்னு ஒரு வாரமா நெனச்சிட்டிருக்கேன். இன்னைக்கு ஷூட் முடிஞ்சதும் கேக்கப்போறேன்."

"ஒரு வருஷத்துல என்ன ஆகிடும்?"

"அதுதான் எனக்கும் தெரியல."

கிட்டக்கா கடைசிக் கொக்கியைப் போட்டார். மகளின் கண்ணுக்குக் கீழே ஈரத்துணியால் ஒற்றி, பவுடர் வைத்தார். கை தன் வேலையைச் சரியாகவே செய்தது. அழுகிற பெண்களுக்குப் பவுடர் வைப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி. இதற்குமுன் அழுகைக்குக் காரணம் அவராக இருந்ததில்லை என்பதுதான் வித்தியாசம்.

வெளியே மேகம் அவசரப்பட்டார். "அக்கா, பெரிய மேகம் ஒண்ணு வருது! சரிவுல நிறுத்துங்க. அந்த வண்டி மட்டும் போகணும். நான் கத்தட்டுமா?"

"வேண்டாம். நான் போய்ச் சொல்றேன்."

மேகம் வானத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்களா?"

"உங்க வேலையைப் பாருங்க தம்பி."

சரிவில் நடப்பது சிரமமாக இருந்தது. எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று ஒரு வாரம் முன்பே அளந்து வைத்தவருக்கும் வழுக்கியது. தோளில் பையோடு வேனின் ஜன்னலருகே போய் நின்றார். கணவர் துடைப்பதை நிறுத்தி, அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

"வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுக்கணும்."

"பாப்பா சொன்னாளா?"

"நான் சொல்றேன்."

"என்கிட்டயா?"

"பின்ன, ஸ்டியரிங்கிட்டயா?"

கணவர் துணியை மடித்து வைத்தார். ரொம்ப நேரம் மடித்தார். கிட்டக்கா கதவைத் திறந்து மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். பழக்கத்தில் பையை நடுவில் வைத்தார். கண்ணாடி வழியே சரிவில் இரண்டு பேர் சின்னதாகத் தெரிந்தார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து தான் நிற்கவைத்த ஜோடியை அவர் பார்த்ததே இல்லை.

"மாத்திரை போட்டாச்சா?" என்றார் கண்ணாடியைப் பார்த்து. பிறகு தலையைத் திருப்பினார். திருப்புவதற்குக் கழுத்து மறுத்த மாதிரி இருந்தது. "நீங்க மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"யாரும் கேக்கல."

"கேட்டாத்தான் போடுவீங்களா?"

"இத்தனை நாளும் கேட்டுத்தானே போட்டேன்." மடித்த துணியை மறுபடி பிரித்தபடி அவரே சொன்னார்: "பாப்பா முகமே சரியில்ல. அந்தப் பையனைக் கட்டிக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்திட்டேனோன்னு எனக்குப் பத்து நாளாத் தூக்கம் இல்ல."

"எனக்கும்தான்."

"உனக்குமா? சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட சொல்ல? பாப்பாவைக் கூப்பிட்டு, 'உனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னு நெனக்கிறேன், இதை அப்பாகிட்ட சொல்லு'ன்னு சொல்லச் சொல்றீங்களா?"

கணவர் யோசித்தார். தானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தார் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பத்து நாளாக ஒரே கவலை, ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எடுத்துச் செல்லக்கூடிய ஒரே ஆள், கவலைக்குரிய ஆள்.

"அவளுக்கு அவரைப் பிடிச்சிருக்கு" என்றார் கிட்டக்கா. "நம்மளைத்தான் விட்டுப் போகப் பயம். நாம ஊமையாயிடுவோம்னு. கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லி இன்னைக்கு அவர்கிட்ட கேக்கப்போறா."

வெளியே வெளிச்சம் ஒரேயடியாக மங்கியது. மேகம் வந்துவிட்டது. சரிவிலிருந்து மேகம் என்கிற மனிதர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, மாத்திரை எங்க இருக்கு?" என்றார் கிட்டக்கா.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. சொல்லுங்க."

"உன் பையிலதான். பாப்பா உள் பாக்கெட்ல வெச்சிருப்பா."

எந்தப் பெண்ணுக்கு எந்த ஊசி வேண்டுமென்றாலும் பார்க்காமல் எடுத்துக்கொடுக்கும் கிட்டக்கா, தன் சொந்தப் பையில் கணவரின் மாத்திரையைத் தேடினார். சீப்பையும் செருப்பையும் சீட்டில் எடுத்து வைத்தார். கிடைத்தது. தண்ணீர்ப் பாட்டிலோடு நீட்டினார். அவர் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கியபிறகும் பார்த்தார். கணவருக்குக் கூச்சமாக இருந்தது. "என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. தொண்டையில நிக்கலையே?"

"நிக்கல."

"பின்னாடி எடுங்க. மேகம் போயிடும்."

வண்டி கிளம்பியது. பள்ளத்தில் ஏறி இறங்கியபோது பை சாய்ந்தது. பின்சீட்டில் போடலாம்; உள்ளே பவுடர் டப்பாவின் கண்ணாடி இருக்கிறது, உடையும். கிட்டக்கா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நடுச்சீட்டு காலியானது. அதில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. சீப்பு மட்டும் கிடந்தது.

மேகம் அன்று எடுத்ததிலேயே நன்றாக வந்த படம் அந்த நிமிஷத்தில் எடுத்ததுதான். நிற்கவைக்க ஆளில்லாமல் எடுத்த படம். பாப்பா மாப்பிள்ளையின் தோளுக்குமேல் தூரத்தில் எதையோ பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, அவன் மார்பில் முகம் புதைக்கப்போகிற நேரம். எதைப் பார்த்தாள் என்று படத்தில் இல்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்து வாயசைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனதை அவள் மட்டும்தான் பார்த்தாள். அன்று மாலை அவள் மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

பிரிண்ட் வந்ததும் கிட்டக்கா ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தார். மாப்பிள்ளையின் தோள் ஏறியிருந்தது. பெண்ணின் மோவாய் மறைந்திருந்தது. கடைசியாகக் குனிந்து கால்களைப் பார்த்தார். புல் உயரமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

"இதைப் பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். "தோளைப் பாருங்க, எப்படி நிக்கிறாருன்னு."

"நல்லாத்தானே நிக்கிறான்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்" என்றார் கணவர். படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.